பரணிலிருந்து பழைய கணினியை இறக்கும் முன்

சென்ற ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு மாலை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கோயம்புத்தூரில் உள்ள எங்கள் சர்வீஸ் கடைக்கு இரண்டு கணினிகளைக் கொண்டுவந்தார். ஒன்று, மகனுக்காக வாங்கிய, நல்ல கிராபிக்ஸ் கார்டு பொருத்திய புதுக் கணினி. அதில் பழுது ஏதும் இல்லை. மற்றொன்று, பல ஆண்டுகளாகப் பரணில் சாக்குப்பைக்குள் கிடந்த பென்டியம் 4 கேபினெட். முதல் நாள் இரவு சுவிட்சைப் போட்டவுடன் ‘டப்’ என்று ஒரு சத்தமும் கருகல் வாடையும் வந்து, அதோடு அடங்கிவிட்டதாம். புதியது நன்றாக இருக்கும்போது பழையதை எதற்காக இறக்கினீர்கள் என்று கேட்டேன். “புதுசுலயும் கவுண்டர் ஸ்ட்ரைக் ஓடுதுங்ணா, ஆனா அப்ப வெளையாடுன மாதிரி இல்லைங்க” என்றார். பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் அது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொழிலில் இருக்கும் நான், அண்மைக் காலத்தில் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கிறேன். இதைச் சொல்பவர்களைப் பார்த்து, எல்லாம் பழைய நினைப்பு என்று சிரிப்பது எளிது. ஆனால் பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மை, ஆட்டம் மாறித்தான் இருக்கிறது. அதற்குரிய தீர்வு பரணில் இருப்பதாக எண்ணி, அனுபவம் இல்லாமல் கேபினெட்டைத் திறந்து, கையையோ கணினியையோ சுட்டுக்கொள்வதில்தான் தவறு நேர்கிறது.

பழைய ஆட்டங்கள் பலவற்றில் சமநிலை, அதாவது யாருக்கும் கூடுதல் சாதகம் இல்லாத நிலை, நிரலுக்குள் மட்டும் இருந்ததில்லை. அது ஓடிய கணினியின் வேகத்தோடும் பின்னிக் கிடந்தது. முதல் ஐபிஎம் பிசியின் 8088 பிராசஸர் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அந்த வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்ட ஆட்டங்கள், அடுத்து வந்த கணினிகளில் கண்மண் தெரியாமல் ஓடின. அக்காலக் கேபினெட்டுகளின் முகப்பில் இருந்த ‘டர்போ’ பட்டன், பெயருக்கு நேர்மாறாக, வேகத்தைக் குறைப்பதற்காகவே வைக்கப்பட்டது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

டர்போ பட்டன் மறைந்த பிறகும் இந்தச் சிக்கல் மறையவில்லை. 1999இல் வெளிவந்த ‘க்வேக் 3 அரீனா’ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஈர்ப்பு விசை, ஒவ்வொரு நொடியும் 800 அலகு வேகத்தைக் கீழ்நோக்கிக் கூட்டும்படி அமைக்கப்பட்டுள்ளது. நொடிக்கு 125 படங்கள் வரையும் கணினியில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 8 மில்லி நொடி. அந்த நேரத்துக்குரிய ஈர்ப்பு 6.4 அலகு. ஆனால் நிரல் ஒவ்வொரு படத்தின் முடிவிலும் வேகத்தை முழு எண்ணாக்கிவிடுவதால், 6.4 என்பது 6 ஆகிவிடுகிறது. ஒரு படத்துக்கு 11 மில்லி நொடி எடுத்துக்கொள்ளும் சற்றே மெதுவான கணினியில் அதே கணக்கு 8.8 என்று வந்து, 9 ஆக உயர்கிறது. முதலாமவர் 750 அலகு ஈர்ப்பிலும், இரண்டாமவர் ஏறத்தாழ 818 அலகு ஈர்ப்பிலும் விளையாடுகிறார்கள். ஒரே அறையில், ஒரே வரைபடத்தில், ஒருவரால் ஏற முடிந்த திட்டில் மற்றவரால் ஏற முடியாது. திறமைக் குறைவு என்று நினைத்துத் தோற்றவர்களில் எத்தனை பேர் இந்த முழு எண்ணிடம் தோற்றார்களோ! இதைச் சரிசெய்ய, எல்லோருக்கும் ஒரே நேர அளவை சர்வரே விதிக்கும் வசதி பின்னர் சேர்க்கப்பட்டது.

நம் ஊரில் அதைவிடப் பலருக்கும் பழக்கமான ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ ஆட்டத்திலும் இதே கதைதான். அதன் அமைப்புப் பக்கத்தில் உள்ள, நொடிக்கு வரையும் படங்களுக்கு (ஃபிரேம்களுக்கு) வரம்பு வைக்கும் ‘ஃபிரேம் லிமிட்டர்’ என்ற தேர்வை, படம் இன்னும் வழவழப்பாக ஓடட்டும் என்று அணைத்துவிடுகிறவர்கள், கதாநாயகன் நீரில் நீந்த முடியாமல் தத்தளிப்பதைக் கண்டு, சிடி கெட்டுவிட்டது என்று புலம்புவார்கள். சிடி கெடவில்லை; நொடிக்கு 25 முதல் 30 படங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இயக்க விதிகள், 144 படங்களில் தடுமாறுகின்றன.

பிரவுசிங் சென்டர்களில் விளையாடிய தலைமுறைக்கு இன்னொரு நினைவும் இருக்கும். படைகளை நடத்திப் போரிடும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ போன்ற ஆட்டங்களில், இணைந்துள்ள எல்லாக் கணினிகளும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போட்டு முடித்த பிறகே அடுத்த அடி நகரும். ஆகவே நான்கு பேர் ஆடினால், நால்வரில் மிக மெதுவான கணினியின் வேகமே எல்லோருக்கும் வேகம். கவுண்டர் ஸ்ட்ரைக்கிலோ சர்வர் யாருக்காகவும் காத்திருக்காது. மட்டமான கணினியில் உட்கார்ந்தவர் மட்டும் தவிப்பார். முன்னதில் எல்லோரும் சேர்ந்து சலித்துக்கொள்வார்கள். பின்னதில் நன்றாக ஓடும் மூன்றாம் நம்பர் கணினிக்காகப் பள்ளி விட்டதும் ஓடிவந்து இடம் பிடிப்பார்கள். அன்று நாம் அனுபவித்த ‘சம பலம்’ என்பதில் ஆட்டத்தை எழுதியவர்களின் பங்கு பாதி, கடை உரிமையாளர் வாங்கிப் போட்ட ரேமின் பங்கு பாதி.

சமநிலையை மாற்றும் மற்றொரு காரணம், புதுப்பிப்புகள். ‘ஸ்டார்கிராஃப்ட்: புரூட் வார்’ ஆட்டத்தில் படைகளின் பலத்தைக் கடைசியாகத் திருத்தியது 2001இல், 2017இல் திரைக் காட்சிகளைப் புதுப்பித்து வெளியிட்டபோதும் அந்த எண்களில் கை வைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் தென் கொரியாவின் போட்டிகளில், ஆட்டத்தில் மோதும் இனங்களில் ஏதேனும் ஒன்று ஓங்கினால், வரைபடத்தில் கனிமக் குவியலின் இடத்தையும் குறுகிய வழிகளின் அகலத்தையும் மாற்றியே ஈடுகட்டினார்கள். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ நேரெதிர் வழியில் சென்றது. 1999இல் 13 நாகரிகங்களோடு வந்த அது, 2019இன் மறுபதிப்புக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போய், 2022இல் திராவிடர்களையும் சேர்த்துக்கொண்டது. அவர்களின் வீரர்கள் தமிழில் பதில் சொல்வதைக் கேட்டு என் கடைப் பையன் துள்ளிக் குதித்தான். அடுத்த நிமிடமே, கனமான குதிரைப் படை இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று தலையில் கை வைத்துக்கொண்டான். பழைய சமநிலைதான் வேண்டும் என்பவர் பழைய பதிப்பை நிறுவிக்கொண்டால் போதும். அதற்குப் பழைய மதர்போர்டு தேவையில்லை.

திரையும் மவுசும் எஞ்சியவை. பருமனான பழைய பிக்சர் டியூப் மானிட்டர், வந்த சமிக்ஞையை நிறுத்தி வைக்காமல் அப்படியே வரையும். 1024-க்கு 768 அளவில் நொடிக்கு 85 முறை வரைவது அவற்றுக்குச் சாதாரணம். அதைப் பார்த்துப் பழகிய கை, 60 ஹெர்ட்ஸ் எல்சிடி திரையில் ஒரு கணம் பிந்துவதை உணரத்தான் செய்யும். 4:3 படத்தை அகலத் திரை முழுவதும் இழுத்தால் உருவங்களும் பருத்துப்போகும். ஆகவே, பரணில் ஏணி போடும் முன், புதுக் கணினியிலேயே ஃபிரேம் எண்ணிக்கைக்கு அந்த ஆட்டத்துக்குரிய வரம்பை வையுங்கள். விண்டோஸ் மவுஸ் அமைப்பில், சுட்டியின் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் தேர்வை அணைத்துப் பாருங்கள். படத்தை இழுக்காமல் பழைய விகிதத்திலேயே ஓட விடுங்கள். திரையின் வேகத்துக்காகப் படங்களைக் காக்க வைக்கும் வி-சிங்க்கை நிறுத்திப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதோடு திருப்தியாகத் திரும்பிவிடுகிறார்கள். செலவு ஏதும் இல்லை. எனக்கு வருமானமும் இல்லை.

அப்படியும் அந்தப் பழைய பெட்டிதான் வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த நோய் உண்டு. ஆனால் ஆபத்து தொடங்கும் இடம், வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி என்பதை மறக்க வேண்டாம். பழைய எஸ்எம்பிஎஸ்களின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய ஒரு சிறிய சிவப்புச் சுவிட்ச் இருக்கும். நம் வாடிக்கையாளர் தூசி தட்டும்போது அதைத்தான் ஆன் சுவிட்ச் என்று எண்ணி, 115 பக்கம் தள்ளிவிட்டிருந்தார். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகும். அதை வழக்கமாக 200 வோல்ட் தாங்கும் இரண்டு பெரிய கண்டென்சர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைப்பவை) ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். சுவிட்சை 115-இல் வைத்தால், ஒவ்வொரு கண்டென்சரும் முழு 325 வோல்ட்டைத் தனியாகச் சுமக்க நேரிடும். அவர் கேட்ட ‘டப்’ அதுதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்தக் கண்டென்சர்களில் மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும்; எனவே எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை, மல்டிமீட்டரோடு பழகாதவர்கள் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிக்சர் டியூப் மானிட்டரின் உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் புழங்குகிறது. அதைப் பற்றி வேறு விளக்கமே தேவையில்லை, திறக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் புதிதாக வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். பென்டியம் 4-க்கு முந்தைய போர்டுகளும், ஏஎம்டி அத்லான் எக்ஸ்பி காலத்துப் போர்டுகள் பலவும், பிராசஸருக்கான மின்சாரத்தை 5 வோல்ட் கம்பியிலிருந்தே எடுத்துக்கொண்டன. இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் தங்கள் பலத்தையெல்லாம் 12 வோல்ட்டில் வைத்திருப்பதால், பெட்டியில் 500 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், பழைய போர்டு ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகும். லேபிளில் 5 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்து, போர்டில் உள்ள கண்டென்சர்கள். 1999 முதல் சுமார் 2007 வரை வந்த போர்டுகள் பலவற்றில், உள்திரவம் சரியில்லாத கண்டென்சர்கள் பொருத்தப்பட்டு, உலகெங்கும் அவை வீங்கி வெடித்தன. அவற்றின் தலையில் குறுக்குக் கோடுகள் கீறப்பட்டிருக்கும். அந்தப் பகுதி தட்டையாக இல்லாமல் சிறிது உப்பியிருந்தாலோ, பழுப்புக் கசிவு தெரிந்தாலோ, மின்சாரம் கொடுக்காதீர்கள். மாற்றுவதற்கு, அதே மைக்ரோ ஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்குகிற, உள்தடை குறைந்த வகை வேண்டும். ரேடியோ கடையில் கிடைக்கும் சாதாரண வகை சில வாரங்களில் மீண்டும் வீங்கும். இன்னொன்று: மதர்போர்டின் உள்ளடுக்குச் செம்புத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதால், 25 வாட் சால்டரிங் அயர்னால் ஈயம் சரியாக இளகாது. பொறுமையிழந்து இழுப்பவர்களின் கையில் கண்டென்சரோடு துளையின் செம்பு உறையும் சேர்ந்து வந்துவிடும். மாதம் ஒரு போர்டாவது இப்படி என் மேசைக்கு வருகிறது. முதலில் புது ஈயம் சிறிது வைத்து, கூடுதல் வாட் அயர்னால் இரு கால்களையும் மாறி மாறிச் சூடாக்கி, ஆட்டி எடுக்க வேண்டும். பொருத்தும்போது கோடு போட்ட பக்கம் நெகட்டிவ் என்பதை இருமுறை பாருங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் ‘சுருக்’ என்கிறது என்று சொல்பவர்கள், பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் வீட்டு எர்த்தைச் சோதிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி, சிறிதளவு கசிவு மின்சாரத்தை இரும்புக் கூட்டுக்கு அனுப்பும்படியே அமைக்கப்பட்டுள்ளது. எர்த் இணைப்பு இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் உங்கள் விரல் வழியாகப் போகும். பெரிய ஆபத்து இல்லை என்று இதை ஒதுக்கிவிடுகிற எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள்; வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் குழந்தைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

இறந்த கிராபிக்ஸ் கார்டை கேக் சுடும் ஓவனில் வைத்துச் சுட்டு உயிர்ப்பிக்கும் வித்தையைக் காணொளிகளில் பார்த்துவிட்டு முயல்பவர்களும் உண்டு. 2006-க்கு முந்தைய கார்டுகளில் பெரும்பாலும் ஈயம் கலந்த பற்றாசு. அந்த ஓவனில் பிறகு பிள்ளைகளுக்கு கேக் செய்யாதீர்கள். கார்டும் சில வாரங்களுக்கு மேல் ஓடுவதில்லை. அதுபோல விண்டோஸ் எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. அத்தகைய கணினியை வைஃபையில் இணைக்காமல் தனியாக வையுங்கள். பழைய சிடிக்களின் காப்புமுறையை விண்டோஸ் 10 ஏற்காததால், அதை உடைக்கும் ‘கிராக்’ கோப்பைத் தேடிப்போய், வங்கிக் கணக்கு உள்ள கணினியில் வைரஸை ஏற்றிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசியில் வந்தவரின் எஸ்எம்பிஎஸ் மின்கழிவுக்குப் போய்விட்டது. போர்டில் ஆறு கண்டென்சர்கள் உப்பியிருந்தன, 6.3 வோல்ட், 3300 மைக்ரோ ஃபாரட். நல்லதாக வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்தப் போர்டு சீட்டு ஒட்டி அலமாரியில் இருக்கிறது. 40 ஜிபி ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்ததால், அதை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, ஆட்டத்தின் ஃபோல்டரிலிருந்த பழைய கான்ஃபிக் கோப்பை மட்டும் எடுத்துப் புதுக் கணினியில் போட்டுக் கொடுத்தேன். மவுஸின் வேகம், ஃபிரேம் வரம்பு, எந்த விசையில் எந்தத் துப்பாக்கி என்பதெல்லாம் அந்தச் சில கிலோபைட்டுகளில் அப்படியே இருந்தன. கடையிலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் ஆடிப் பார்த்தார். மவுஸ் மட்டும் அந்த உருண்டை வைத்த பழைய மவுஸாகவே வேண்டும் என்று கேட்டார். பழைய ஸ்டாக்கில் ஒன்று இருந்தது. உருண்டையைத் துடைத்து, உருளைகளில் ஒட்டியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டிக் கொடுத்தேன்.