ஜாவாவில் மலையைப் பார்க்கும் முன் பள்ளத்தைப் பாருங்கள்

இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்குச் சுற்றுலா கிளம்பும் நம்மூர்க்காரர்களுக்கு என் வேலை என்னவென்று தெரிந்துவிட்டால் ஒரே கேள்விதான் வரும்: "அங்கே மலை வெடிச்சா லாவா எவ்வளவு தூரம் வரும் சார்?" புவிவெப்ப மின்நிலையங்களுக்காகக் கிணறு தோண்டும் இடங்களில் நிலவியலாளராக இருக்கிறேன், பெரும்பாலும் மேற்கு ஜாவா மலைகளில். என் பதிலைக் கேட்டால் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். ஜாவாவில் லாவாவுக்குப் பயந்து ஓட வேண்டிய நிலை அநேகமாக வராது. ஹவாய் வீடியோக்களில் ஆறாக ஓடுகிறதே, அந்த ரகம் இல்லை இது. இங்குள்ள பாறைக்குழம்பில் சிலிக்கா கூடுதல், அதனால் பிசுபிசுப்பும் கூடுதல். பெரும்பாலும் எரிமலை வாயிலேயே குவிந்து ஒரு கும்மட்டமாக நின்றுவிடும்.

ஆளைக் கொல்வது வேறு மூன்று. கும்மட்டம் சரியும்போது பாய்ந்து இறங்கும் சுடுமேகம், மழையோடு வரும் லஹார் என்ற சேற்று வெள்ளம், கண்ணுக்கே தெரியாத வாயு. மூன்றும் தாழ்வான இடத்தைத் தேடித்தான் போகும். அந்தத் தீவுக்குச் சோறு போடும் மண்ணும் அதே வழியாகத்தான் இறங்கி வந்தது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாதுகாப்பு கைக்கு வந்த மாதிரி.

மண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாவாவின் பரப்பு ஏறக்குறைய தமிழ்நாட்டின் பரப்புதான், சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். மக்களோ 15 கோடிக்கும் மேல். நம்மைப் போல இரண்டு மடங்கு. பக்கத்திலேயே போர்னியோ தீவு இருக்கிறது. ஜாவாவைவிட ஐந்து மடங்குக்கும் மேல் பெரியது, மழைக்கும் குறைவில்லை. ஜனம் மட்டும் ஜாவாவில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. வரலாறு, வியாபாரம், ஆட்சி என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். அடியில் கிடக்கும் காரணம் மண்தான். வெயிலும் மழையும் ஓயாத ஊரில் மண்ணிலுள்ள சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும். கடைசியில் மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும் நிறைந்த செம்மண். ஜாவாவில் மட்டும் அந்தக் கணக்கு அவ்வப்போது புதிதாகத் தொடங்குகிறது. தெற்கே கடலடியில் இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் வீதம் தீவுக்கு அடியில் நுழைகிறது. அது கூடவே கொண்டுபோகும் நீர் ஆழத்தில் வெளியேறி, மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகியது மேலேறி எரிமலையாக வெடிக்கிறது. சாம்பலில் இருப்பது பெரும்பாலும் பொடிக் கண்ணாடி. ஈரவெப்பத்தில் சீக்கிரம் சிதைந்து கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் மண்ணுக்குக் கொடுத்துவிடும்.

ஆனால் சாம்பல் விழுந்த மறுநாளே உரம் என்று நினைக்கக் கூடாது. 2010இல் மெராபி எரிமலை வெடித்தபோது அதன் சரிவில் இருந்த சலாக் தோப்புகள், அதாவது பாம்புத்தோல் பழத் தோப்புகள், சாம்பல் பாரம் தாங்காமல் மட்டை ஒடிந்து சாய்ந்தன. இன்றைய விவசாயிக்கு அது நஷ்டம்தான். லாபம் அடுத்த தலைமுறைகளுக்கு. "எரிமலை வரம்" என்று எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மலையிலிருந்து எவ்வளவு இறங்கி வந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் யோக்யகர்த்தாவுக்கு அருகே சம்பிசாரி என்ற சிவன் கோயிலுக்குப் போங்கள். பிரம்பானன் கோயிலுக்குப் போகிற கூட்டம் இங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 1966இல் ஒரு விவசாயியின் மண்வெட்டி கல்லில் மோதியதில் வெளிப்பட்டது. கோயிலுக்கு ஆறரை மீட்டர் ஆழம் படியிறங்கிப் போக வேண்டும். உள்ளே லிங்கம், வெளிமாடங்களில் கிழக்கே விநாயகர், வடக்கே துர்க்கை, தெற்கே நம்ம அகத்தியர். கோயில் கட்டும்போது தரை அந்தக் கீழ்மட்டத்தில்தான் இருந்தது. நீங்கள் இறங்கும் ஒவ்வொரு படியும் மெராபி பக்கத்து ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும். மலை உச்சி அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். "அவ்வளவு தூரம் எங்கே வரப்போகுது" என்பவர்களை நான் அனுப்பும் இடம் இதுதான்.

சரி, ஆபத்துகளுக்கு வருவோம். என் தொழிலில் அன்றாடம் பார்ப்பது வாயு, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிணற்றுத் தலையைச் சுற்றி ஒரு கான்கிரீட் குழி இருக்கும், நாங்கள் செல்லார் என்போம். ஆளுயரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வாயுச் சோதனை செய்யாமல் அதில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை, அவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி. காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, கார்பன் டை ஆக்சைடு அதைவிடவும் கனமானது. இரண்டும் குழியில் தேங்கி நிற்கும். எல்லோருடைய சட்டைக் காலரிலும் ஒரு சின்ன மானி தொங்கும். 10 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் பத்துப் பங்கு, தொட்டாலே கத்தும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, 100 பிபிஎம் அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பது. "வாடை போயிடுச்சு, இனி பரவாயில்ல" என்று புதியவர் யாராவது சொன்னால் அவரை முதலில் காற்று வரும் திசைக்கு இழுத்துக்கொண்டு போவோம், விளக்கம் அப்புறம்.

கார்பன் டை ஆக்சைடுக்கு அந்த நாற்றமும் கிடையாது. மத்திய ஜாவாவின் தியெங் பீடபூமியில் 1979 பிப்ரவரி 20 அன்று நடந்தது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம். சினிலா என்ற எரிமலை வாயில் சிறிய வெடிப்புதான். பயந்துபோன ஊர்மக்கள் விடியும் முன்னே பாதை வழியாக ஓடினார்கள். நிலத்தின் பிளவுகளிலிருந்து கசிந்த வாயு பாதையின் தாழ்வான பகுதியில் படுத்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் அங்கேயே விழுந்து இறந்தார்கள். வெடிப்பு அவர்களைத் தொடவே இல்லை. இன்று தியெங்குக்குப் போகிறவர்கள் அர்ஜுனன், பீமன் பெயர் கொண்ட பழைய கோயில்களையும் உருளைக்கிழங்கு வயல்களையும் படமெடுத்துவிட்டு வருகிறார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் வேலி போட்ட இடத்துக்குள் செல்ஃபிக்காக இறங்காதீர்கள். காற்று அசையாத குளிர்ந்த விடியற்காலையில்தான் வாயு அதிகம் தேங்கும். களைப்பாக இருந்தால் மேட்டில் உட்காருங்கள். குழந்தைகளைப் பள்ளத்தில் விளையாட விடாதீர்கள், அவர்கள் மூக்கு தரைக்கு நம்மைவிட அருகில் இருக்கிறது.

கிழக்கு ஜாவாவின் இஜென் எரிமலையில் கந்தகம் எரியும் நீல நெருப்பைப் பார்க்க நள்ளிரவில் ஏறுகிறார்கள். அங்கே பிரச்சினை சல்ஃபர் டை ஆக்சைடு. துணி முகக்கவசமும் மருத்துவமனைக் கவசமும் வாயுவைத் தடுக்காது. என்-95கூடச் சாம்பல் தூசிக்குத்தான். அமில வாயுவுக்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும், அதுவும் முகத்தோடு இறுக்கமாகப் பதிய வேண்டும். தாடி இருந்தால் பதியாது. ஆஸ்துமாக்காரர்கள் எரிமலை வாய்க்குள் இறங்கவே வேண்டாம், விளிம்போடு திரும்பிவிடுங்கள். கந்தகக் கட்டிகளை எழுபது எண்பது கிலோ சுமந்து ஏறும் தொழிலாளர்கள் வாயில் ஈரத்துணியைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்து "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்பவர்கள் உண்டு. ஆகிறது, இருமலும் அரித்துப்போன பற்களுமாக அவர்களிடம் தெரியும், பக்கத்தில் போய்ப் பேசிப் பாருங்கள்.

சுடுமேகத்தைப் பற்றி மெராபியைவிட நல்ல உதாரணம் இல்லை. பல நூறு டிகிரி வெப்பத்தில் வாயுவும் சாம்பலும் பாறையும் கலந்து, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாயும். ஓடித் தப்பலாம் என்பது கனவு. 2010 அக்டோபர் 26 அன்று முதல் வெடிப்பில், மலையின் காவலராக மக்கள் மதித்த ம்பா மரிஜான் தம் ஊரைவிட்டு இறங்க மறுத்து இறந்தார். நவம்பர் 5 வெடிப்பில் கெண்டோல் ஆற்றுப் பள்ளம் வழியாகச் சுடுமேகம் 15 கிலோமீட்டருக்கும் மேல் போயிற்று. மொத்தம் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த எண்ணைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்ல வேண்டும்: நிலநடுக்கப் பதிவுகள், வாயு அளவு, செயற்கைக்கோள் ரேடார் படங்கள் எல்லாவற்றையும் வைத்து, சுமார் நான்கு லட்சம் பேரை வெளியேற்றியதால் 10,000 முதல் 20,000 உயிர்கள் பிழைத்திருக்கும் என்று அப்போது பணியில் இருந்த விஞ்ஞானிகள் பின்னர் மதிப்பிட்டார்கள். கலியாதெம் என்ற இடத்தில் லாவா டூர் ஜீப்காரர்கள் ஒரு பதுங்கறையைக் காட்டுவார்கள். 2006இல் அதற்குள் ஒளிந்த இரண்டு மீட்புப் பணியாளர்கள் வெப்பத்தில் இறந்தார்கள். கான்கிரீட் சுவர் காப்பாற்றும் என்று நம்பிய இடம். தூரம் ஒன்றுதான் காப்பு, அதிலும் ஆற்றை விட்டு விலகிய தூரம்.

லஹார் இன்னும் ஏமாற்றுக்காரன். வெடிப்பு முடிந்து மாதங்கள் ஆன பிறகும் வரும். 2011 ஜனவரியில் மெராபியின் புதிஹ் என்ற ஆற்றில் வந்த லஹார் யோக்யகர்த்தா-மகெலாங் நெடுஞ்சாலையை அறுத்து வீடுகளை மூடியது. 1919இல் கெலுட் மலையின் வாயில் இருந்த ஏரி வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு 5,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்குப் பிறகு டச்சுக்காரர்கள் மலையைக் குடைந்து ஏரி நீரை வடித்தார்கள். பெரிய வேலை, இன்றும் மெச்சத் தக்கது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், உச்சியில் மழை கொட்டும், அரை மணியில் ஆறு கான்கிரீட் கலவை மாதிரி இறங்கும். ஆற்றில் மணல் அள்ளுகிறவர்கள் கையில் வாக்கிடாக்கி வைத்திருப்பார்கள். மேலே உள்ள ஊர்க்காரன் சொன்னால் லாரியைப் போட்டுவிட்டுக் கரையேறிவிடுவார்கள். அவர்கள் ஏறினால் நீங்களும் ஏறுங்கள், ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். பாலத்தின் மேல் நிற்பதும் பாதுகாப்பில்லை: 2021 டிசம்பரில் செமேரு எரிமலையின் கும்மட்டம் சரிந்தபோது கிளாடாக் பெராக் பாலமே போய்விட்டது.

எரிமலைகளின் நிலையைக் கீழிருந்து உச்சம்வரை நான்கு படிகளாக அறிவிக்கிறார்கள்: நார்மல், வஸ்படா, சியாகா, அவாஸ். பாண்டுங்கில் உள்ள எரிமலை ஆய்வு மையம் அறிவிக்கும். மாக்மா இந்தோனேசியா என்ற செயலியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நார்மல் என்றால் வெடிக்காது என்று அர்த்தமில்லை. 2019 ஜூலையில் பாண்டுங் அருகே தங்குபான் பெராகு எரிமலை, நார்மல் நிலையில், சுற்றுலாக் கூட்டம் விளிம்பில் நின்ற பிற்பகலில் சாம்பலைக் கக்கியது. நிலத்தடி நீர் கொதித்து வெடிக்கும் இந்த வகைக்குப் பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. 2014இல் கெலுட்டுக்கு உச்ச எச்சரிக்கை கொடுத்து ஒன்றரை மணி நேரத்தில் வெடித்தது. பக்கத்துத் தீவான சுமத்ராவில் 2023 டிசம்பரில் மராபி (மெராபி வேறு, இது வேறு) வெடித்து மலையேறிகள் 24 பேர் இறந்தார்கள். இரண்டாம் படி எச்சரிக்கை பல ஆண்டுகளாக இருந்தது, வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகாதீர்கள் என்ற அறிவுரையும் இருந்தது. வழிகாட்டி "ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தாலும் அந்த வட்டத்துக்குள் போகாதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு நீங்கள் கேட்கலாம், அப்புறம் நீ ஏன் அங்கே வேலை பார்க்கிறாய் என்று. கிணற்றிலிருந்து வரும் பாறைத் துருவல்களை ஐந்து மீட்டருக்கு ஒரு தரம் சல்லடையிலிருந்து அள்ளி, கழுவி, லென்ஸில் பார்ப்பேன். சாம்பல் நிறத்துக்கு நடுவே பிஸ்தாப் பச்சையில் எபிடோட் என்ற கனிமத் துணுக்கு தெரிந்தால் கீழே 240 டிகிரி வெப்பம் ஒரு காலத்திலாவது இருந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பச்சைதான் மின்சாரம். மேற்கு ஜாவாவின் கமோஜாங்கில் 1926இல் டச்சுக்காரர்கள் தோண்டிய ஆழமில்லாத கிணறு இன்றும் ஆவி விடுகிறது. 1983இலிருந்து அங்கே மின்நிலையம் ஓடுகிறது. புவிவெப்ப மின்சாரத்தில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இந்தோனேசியா இருக்கிறது என்றால் அதில் பெரிய பங்கு ஜாவாவின் மலைகளுடையது.

சாம்பல் விழுந்தால் செய்ய வேண்டியது சுருக்கம். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். கார் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாமல் வைப்பர் போடாதீர்கள், கீறிவிடும். கூரையில் பத்து சென்டிமீட்டர் நனைந்த சாம்பல் சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும்; பழைய ஓட்டுக் கூரைக்கு அடியில் தங்காதீர்கள். விமானம் ரத்தானால் ஊழியரிடம் சண்டை போடாதீர்கள். 1982இல் கலுங்குங் மலையின் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நடுவானில் அணைந்தன. சாம்பலைத் தாண்டிக் கீழே வந்த பிறகுதான் மறுபடி உயிர் பெற்று ஜகார்த்தாவில் இறங்கியது.

தங்கும் விடுதியைப் பதிவு செய்யும்போது வரைபடத்தில் மலைக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்காமல், மலையிலிருந்து இறங்கும் எந்த ஆற்றின் கரையில் இருக்கிறது என்றும் பாருங்கள். "ஆற்றோரக் காட்சி" என்று கூடுதல் காசு வாங்குவது பெரும்பாலும் அந்த அறைகளுக்குத்தான். போய்ச் சேர்ந்ததும் தெருவில் "ஜாலூர் எவாகுவாசி", அதாவது வெளியேறும் வழி, என்று அம்புக்குறி போட்ட பலகை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்பு சில சமயம் சுற்றுவழியாகத் தோன்றும். கூகுள் மேப்ஸ் காட்டும் குறுக்குவழி ஆற்றைக் கடக்கும், அம்பு கடக்காது. அம்பு காட்டும் வழியே போங்கள்.