ஜெல் வெட்டும்போது மணிக்கட்டைக் கவனியுங்கள்

டி.என்.ஏ. துண்டுகளைப் பிரிப்பது ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே பழகிவிடும் வேலை, அதனாலேயே அதற்கு யாரும் பயப்படுவதில்லை. பாஸ்பேட் இருப்பதால் டி.என்.ஏ.வுக்கு எதிர் மின்னூட்டம், மின்சாரம் கொடுத்ததும் நேர்மின்முனையை நோக்கி ஓடும், அகரோஸ் என்ற ஜெல்லின் நுண்துளைகளில் சின்னத் துண்டு முந்தும், பெரியது பின்தங்கும். அவ்வளவுதான் விஷயம். ஆபத்து அதைச் சுற்றியிருக்கிறது.

ஜெல் வார்ப்பதற்காக மைக்ரோவேவில் உருக்கி எடுத்த அகரோஸ் குடுவை அமைதியாகத்தான் தெரியும். லேசாகச் சுழற்றினால் போதும், கொதிநிலையைத் தாண்டிச் சூடேறியிருந்த திரவம் சட்டென்று பொங்கிக் கையில் வழியும். பிசுபிசுப்பாகத் தோலில் ஒட்டிக்கொள்வதால் வெந்நீரைவிட மோசம். குடுவையில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், சூடு தாங்கும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் எத்திடியம் புரோமைடு, ஜெல்லில் டி.என்.ஏ.வைக் காட்டும் சாயம். டி.என்.ஏ.வின் பேஸ் ஜோடிகளுக்கு நடுவே நுழைந்து ஒளிர்வதுதான் அதன் வேலை, யாருடைய டி.என்.ஏ. என்று அது பார்ப்பதில்லை. நைட்ரைல் கையுறை எல்லோரும் போடுகிறோம், சரி. அதே கையுறையோடு கதவையும் கைப்பேசியையும் தொட்டால் போட்டு என்ன பயன்?

நான் பட்டது, அந்தச் சாயம் ஒளிர்வதற்காக ஜெல்லுக்கு அடியிலிருந்து புற ஊதா ஒளி பாய்ச்சும் மேடையில். ஆரம்ப நாட்களில் ஒருமுறை, க்ளோனிங்குக்காக (துண்டைப் பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பெருக்குவதற்காக) நான்கு பேண்டுகளை, அதாவது ஜெல்லில் ஒளிரும் டி.என்.ஏ. பட்டைகளை, ஓரம் பிசகாமல் வெட்ட வேண்டும் என்று நிதானமாக உட்கார்ந்து வெட்டினேன். முகக்கவசம் இருந்தது, கையுறை இருந்தது, கோட்டும் இருந்தது. மாலையில் பார்த்தால் கையுறை முடிந்து கோட்டின் கை தொடங்கும் இடைவெளியில் மட்டும், வளையல் போட்டதுபோல் ஒரு சிவப்புப் பட்டை. எரிச்சல் அடங்க இரண்டு நாள் ஆனது. அந்த க்ளோனிங்கும் உருப்படவில்லை, தட்டில் பாக்டீரியாக் காலனியே வரவில்லை. டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் லைகேஸ் நொதி மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். 302 நானோமீட்டர் ஒளி டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் பேஸ்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தும், என் தோலைச் சுட்ட அதே ஒளி ஜெல்லில் இருந்த டி.என்.ஏ.வையும் கெடுத்திருக்கும் என்று அன்று தோன்றவில்லை.

வெட்டுவதற்கு 365 நானோமீட்டர் விளக்கோ, நீல ஒளியில் மிளிரும் சாயமோ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் முதலில் படம் எடுத்து எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்துவிட்டு, கோட்டின் கையைக் கையுறைக்குள் செருகிக்கொண்டு, விளக்கைப் போட்டு, சில நொடிகளில் வெட்டி அணைத்துவிடுங்கள். ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தால் பரவாயில்லை.