சோடியம் குறைந்தால் உப்பைக் கூட்டினால் போதாதா?

"அப்பாவுக்கு சோடியம் 118. உப்புக் கரைசலை வேகமாக ஏற்றிவிட்டால் முடிந்தது, எதற்கு ஐசியூவில் வைத்து மணிக்கணக்குப் பார்த்து ரத்தம் எடுக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது. தண்ணீரோடு சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு என்றுதான் சொல்லும். அதனால் அது குறைந்தால் பெரும்பாலும் குற்றவாளி தேங்கிய தண்ணீர்தான். நுரையீரல் தொற்று, சில மனச்சோர்வு மாத்திரைகள் போன்றவற்றால் வாசோப்ரெசின் ஹார்மோன் அதிகம் சுரந்து, சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அத்தனை தண்ணீர் குடித்திருக்கிறார்கள்! முடிந்தமட்டும் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லாருக்கும் பொதுவாக அறிவுரை சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

சரி, மூளைக்கு வருவோம். ரத்தம் நீர்த்துப்போனால் தண்ணீர் செல்களுக்குள் புகும், மூளை வீங்கும். மண்டை ஓட்டுக்குள் வீங்க இடமேது? திடீரென்று நடந்தால் குழப்பம், வலிப்பு, கோமா. மெல்ல நடந்தால் மூளை செல்கள் சும்மா இருப்பதில்லை. முதலில் பொட்டாசியம் போன்ற உப்புகளையும், அடுத்த ஓரிரு நாளில் டாரின், குளூட்டமேட், இனோசிட்டால் போன்ற கரிமப் பொருள்களையும் வெளியே தள்ளுகின்றன. கூடவே தண்ணீரும் வெளியேற, வீக்கம் வடிகிறது. அதனால்தான் 118 உள்ளவர் சில சமயம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

சிக்கலும் இங்கேதான். தள்ளியதைத் திரும்பச் சேர்க்க மூளைக்குப் பல நாள் ஆகும். அதற்குள் சோடியத்தை விறுவிறுவென்று ஏற்றினால் செல்கள் சுருங்கும். மூளைத்தண்டில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதையும். முதலில் தேறியதுபோல் இருந்தவருக்குச் சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் விழும். 1959இல் இதை முதலில் விவரித்த மருத்துவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை.

வலிப்பு வந்தால் 3 சதவீத உப்புக் கரைசலைச் சிறிதளவு வேகமாகக் கொடுப்பார்கள். 4 முதல் 6 மில்லிமோல் ஏறினாலே மூளை வீக்கம் தணியத் தொடங்கும். அப்புறம் பிரேக்தான். நாள்பட்ட குறைவு என்றால் 24 மணி நேரத்தில் 8 முதல் 10க்கு மேல் ஏற விடுவதில்லை. சோடியம் கூடிப்போனவர்களுக்கு இதே கதை தலைகீழ்: அங்கே தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

சில சமயம் காரணம் விலகியதும் சிறுநீரகம் திடீரென்று தண்ணீரைக் கொட்டித் தீர்க்கும். சோடியம் தானாகவே எகிறும். அதைப் பிடிக்கத்தான் அடிக்கடி ரத்தம் எடுப்பது. எகிறினால் மருத்துவர்கள் டெஸ்மோப்ரெசின் போடுவார்கள். அது வாசோப்ரெசினின் செயற்கைத் தம்பி!