உஸ்ஸ் என்று போகும் இரண்டு லட்சம்

பல்லடம் பக்கம் நூற்பாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "கரண்ட் பில்லைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஷிப்டுக்கு ஒரு பிட்டரைக் குறைக்கவும் சொல்கிறார்கள். ரெண்டும் சேர்ந்து நடக்குமா சார்?"

அழுத்தக் காற்றை நம்பி ஓடும் ஆலையில் நடக்காது. நூலைக் கூம்பாகச் சுற்றும் ஆட்டோகோனரில் அறுந்த நூலை முடிச்சில்லாமல் இணைப்பது அழுத்தக் காற்று. அதைத் தருவது கம்ப்ரஸர். இது அவருக்கே தெரியும். நாம் அந்தக் காற்று கசியும் ஓட்டையைப் பார்ப்போம்.

காற்று வரும் குழாய் லைனில் 7 பார் அழுத்தம், அதாவது வெளிக்காற்றின் சுமார் 1 பாருக்கு மேலே இன்னும் 7. ஹோஸைப் பிடித்து இறுக்கும் கிளாம்ப் தளர்ந்து 3 மி.மீ. அளவுக்கு வாய் திறந்திருக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே உள்ளதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டாலே, ஓட்டையின் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். இங்கே எட்டு மடங்கு! அப்புறம்தான் வேடிக்கை. வெளியே அழுத்தம் குறைவு என்ற சேதி உள்ளே போக வேண்டுமென்றால் அதுவும் ஒலி வேகத்தில்தான் போக முடியும். எதிரே அதே வேகத்தில் காற்று வருகிறது. வாய்க்காலில் எதிர்நீச்சல் போடும் மீன் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல, சேதி வாசலிலேயே மாட்டிக்கொள்கிறது. ஆகவே எவ்வளவு காற்று போகும் என்பதை வெளியே உள்ள அழுத்தம் தீர்மானிப்பதில்லை. ஓட்டையின் அளவும் உள்ளே இருக்கும் அழுத்தமும்தான் தீர்மானிக்கின்றன.

லைன் கடைசியில் காற்று பத்தவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? கம்ப்ரஸரில் ஒரு பார் ஏற்றுகிறோம். ஓட்டைக்கும் சேர்த்துத் தீனி போடுகிறோம்.

அந்த 3 மி.மீ. ஓட்டைக்கு சுமார் 3 கிலோவாட் வீணாகும். வருடம் 8,000 மணி நேரம் ஓடினால் 24,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டு லட்சத்தை ஒட்டி வருகிறது. கிளாம்ப் விலை எவ்வளவு என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் இந்த லீக்கால் மெஷின் நிற்காது. மெஷின் நின்றால்தான் பிட்டரைக் கூப்பிடுவார்கள். பிரேக்டவுன் எண்ணிக்கையை வைத்து ஆள் கணக்குப் போட்டால், இந்த ஓட்டைக்கு எந்தக் காலத்திலும் ஆள் வராது. ஓடும் ஆலையின் இரைச்சலில் அந்த 'உஸ்ஸ்' காதுக்கும் எட்டாது. லீக்கின் சத்தத்தில் 40 கிலோஹெர்ட்ஸ் போல நமக்குக் கேட்காத பகுதியும் உண்டு. அதைப் பிடிக்கக் கருவி இருக்கிறது. பல ஆலைகளில் அது பீரோவுக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. தூக்கிக்கொண்டு நடக்க ஆள் வேண்டுமே.

கருவி இல்லாவிட்டாலும் ஒரு நாள் இருக்கிறது: ஆயுத பூஜை. எல்லா மெஷினும் நின்றிருக்கும். கம்ப்ரஸருக்குத் தாராளமாக எலுமிச்சம்பழம் வெட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பொரி கொடுத்து முடித்ததும் கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். யாருமே காற்றைக் கேட்காதபோதும் 3 நிமிடம் லோடு (காற்றை அழுத்தித் தருவது), 9 நிமிடம் அன்லோடு (காற்றுத் தராமல் சும்மா சுற்றுவது) என்று மாறி மாறி ஓடினால், 12-க்கு 3. கம்ப்ரஸர் திறனில் கால் பங்கு ஓட்டைக்கே போகிறது. அந்த அமைதியில் லைனோடு நடந்தால் காதே போதும். சந்தேகமான இடத்தில் சோப்பு நுரை.

ஆகவே சார், ஆளைக் குறைப்பதற்குப் பதில், வாரத்தில் ஒரு ஷிப்டுக்கு ஒரு பிட்டரைப் பிரேக்டவுன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் கையில் ஸ்பேனரும் கிளாம்பும் மட்டும். பூஜையன்று இரண்டு பேர் தங்க வேண்டும். இரட்டைச் சம்பளத்துக்கு இப்போதே முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.