ஆறடி உயரமா? பைக் வாங்கப் போகும்போது இஞ்ச் டேப் எடுத்துப் போங்கள்

பைக் ஷோரூமில் நுழைந்ததும் காதில் விழும் முதல் கேள்வி, "கால் தரையில எட்டுதா சார்?" ஐந்தரை அடிக்காரருக்கு அது நியாயமான கேள்வி. ஆறடி ஒன்று, ஆறடி இரண்டு என்று இருப்பவருக்கு எந்த வண்டியில் ஏறினாலும் கால் எட்டும். எட்டியபின் முட்டி மடிந்து மிச்சமும் இருக்கும். அவரும் "சூப்பரா எட்டுது" என்று சொல்லி முன்பணம் கட்டிவிடுகிறார். அப்புறம் ஒரு கோவாவோ கொடைக்கானலோ போய்வந்து, முட்டிச் சிப்பியைத் தேய்த்துக்கொண்டு என் முன்னால் உட்காருகிறார்.

நான் கோவையில் பிசியோதெரபிஸ்ட். வார இறுதியானால் ஊட்டி, வால்பாறை, பாலக்காடு என்று கிளம்பிவிடும் ஊர் இது. திங்கள், செவ்வாயில் வருகிறவர்களில் பைக்காரர்கள் கணிசம். முட்டி, கீழ்முதுகு, கழுத்து, விரல் மரத்துப்போவது என்று வருவார்கள். அவர்களில் உயரமானவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "வயசாயிடுச்சு போலங்க." சொல்கிறவருக்கு வயது முப்பத்திரண்டு இருக்கும். பரிசோதித்துப் பார்த்தால் மூட்டில் தேய்மானம் இருக்காது, டிஸ்க்கிலும் பெரிய கோளாறு இருக்காது. ஆளுக்கும் வண்டிக்கும் அளவு பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

குழப்பம் 'சீட் உயரம்' என்ற எண்ணில் தொடங்குகிறது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்கு 805 மி.மீ., டாமினார் 400க்கு 800, சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸுக்கு 835, ஹிமாலயன் 450க்கு 825. இவை எல்லாமே தரையிலிருந்து சீட் வரை உள்ள உயரம். சிக்னலில் காலை ஊன்ற அது உதவும். ஐந்து மணி நேரம் ஓட்டும்போது உங்கள் கால் இருக்கப்போவது தரையிலா? ஃபுட்ரெஸ்டில். எனவே உயரமானவர் பார்க்கவேண்டியது சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள தூரம். அந்த எண்ணை எந்தக் கம்பெனியும் விளம்பரத்தில் போடுவதில்லை; இஞ்ச் டேப் அதை அளக்கத்தான். மேடு பள்ளத்தில் அடி தட்டாமலிருக்க வண்டியையே தூக்கி வைத்திருந்தால் ஃபுட்ரெஸ்டும் கூடவே மேலே போய்விடும்; சீட் உயரமாக இருந்தும் காலுக்கு இடம் கிடைக்காது.

அண்மையில் வந்த ஒருவர் ஆறடி இரண்டு அங்குலம். பெங்களூரில் வேலை, வீடு இங்கே, பைக்கில்தான் வந்துபோவார். கிருஷ்ணகிரி தாண்டியதும் வலது முட்டிச் சிப்பிக்கு அடியில் வலி தொடங்குமாம். சேலத்தில் டீ குடிக்க இறங்கினால் முதல் பத்தடி நொண்டல். படுக்க வைத்து முட்டியை எல்லாப் பக்கமும் மடக்கி, அழுத்திப் பார்த்தேன், சொல்லும்படி ஒன்றுமில்லை. "வண்டியில வந்தீங்களா? வாங்க கீழே போவோம்" என்றேன்.

பார்க்கிங்கில் வாட்ச்மேன் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, அவர் ஏறி ஓட்டும் நிலையில் உட்கார்ந்தார். கோணமானியின் நடுவை முட்டியின் வெளிப்பக்க எலும்பில் வைத்து, ஒரு கையை இடுப்பு எலும்புக்கும் மறு கையை வெளிக் கணுக்காலுக்கும் நேராகப் பிடித்தேன். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே 74 டிகிரி. நாற்காலியில் நேராக உட்கார்ந்தாலே 90 இருக்கும். "கொஞ்சம் பின்னாடி தள்ளி உட்காருங்க" என்றேன். "முடியாதுங்க, பின் சீட்டு மேடு இடிக்குது" என்றார்.

அவருடைய பிரச்சினை முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. முன் சீட் தாழ்ந்து, பின் சீட் படி மாதிரி உயர்ந்திருக்கும் வண்டிகளில் ஓட்டுபவர் உட்காரும் இடத்தை டிசைன் செய்தவர் முடிவு செய்துவிடுகிறார். ஐந்தரை அடிக்காரருக்கு அந்தப் பள்ளம் சரியாக இருக்கும். தொடை நீளமானவர் பின்னால் நகர வழியின்றி முன்னால் மடிந்து கிடக்க வேண்டியதுதான்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இடுப்பு மூட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை 60 செ.மீ. தூரமுள்ள ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். 5 அடி 6 அங்குலக்காரருக்குத் தொடை 41 செ.மீ., முட்டியிலிருந்து பாதம் வரை 44 செ.மீ. என்று தோராயமாகக் கொண்டால், முட்டிக் கோணம் 90 டிகிரி வரும். அதே விகிதத்தில் வளர்ந்த 6 அடி 2 அங்குலக்காரருக்கு அதே வண்டியில் 78 தான். வண்டி ஒன்றே, முட்டியில் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். மடிந்த முட்டியில் சிப்பி, தொடை எலும்பின் மேல் அழுந்தும்; மடிப்பு கூடக் கூட அழுத்தமும் கூடும். சினிமா தியேட்டரில் மூன்று மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழும்போது முட்டி பிடிக்குமே, அதே சங்கதிதான்.

முட்டியோடு விவகாரம் நிற்பதில்லை. முட்டி மேலே ஏறினால் இடுப்பும் கூடுதலாக மடியும். இடுப்பு மடிந்தால் இடுப்புக்கூடு பின்பக்கமாக உருளும். கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிவிடும். அந்த நிலையில் ஒவ்வொரு வேகத்தடையும் நேராக டிஸ்க்குக்குப் போகிறது. "பைக் ஓட்டினா முதுகு வலி வரும்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். முதுகு நிமிர்ந்து, உள்வளைவு கெடாமல் உட்கார முடிகிற வண்டியில் ஒரே நாளில் நானூறு கிலோமீட்டர் போய்வருகிறவர்களும் என்னிடம் வேறு காரணங்களுக்காக வருகிறார்கள். அவர்களுக்கு முதுகில் புகார் இல்லை.

அப்படியென்றால் காலை நீட்டி ஓட்டும் க்ரூசர் நல்லதா? பாதி நல்லது. சூப்பர் மீட்டியார் 650இன் சீட் உயரம் 740 மி.மீ. மட்டுமே, ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருப்பதால் முட்டி தாராளமாக விரியும். சீட் உயரத்துக்கும் முட்டிக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. முட்டி வலிக்காரருக்கு நானே க்ரூசரைப் பார்க்கச் சொல்வதுண்டு. ஆனால் பாதம் உடம்புக்கு முன்னால் போய்விட்டால், குழி வரும்போது காலை அழுத்தி அரை அங்குலம் எழும்பக்கூட முடியாது. அடி முழுவதும் வால் எலும்புக்குத்தான். ஏற்கனவே முதுகில் தொந்தரவு உள்ளவருக்கு, நம் ஊர் பைபாஸ் ரோட்டின் ஒட்டுப்போட்ட தாரில், க்ரூசரை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

உயரமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவருவது அட்வெஞ்சர் வகைதான். ஹேண்டில்பார் உயரமாகவும் அகலமாகவும் இருக்கும், பாதம் ஏறக்குறைய இடுப்புக்கு நேர் கீழே வரும், வேண்டும்போது எழுந்து நிற்கலாம். ஹிமாலயன் 450இல் சீட்டை 825இலிருந்து 845க்கு உயர்த்தும் வசதி உண்டு. சீட் ஏறும், ஃபுட்ரெஸ்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த 20 மி.மீ. முழுவதும் உங்கள் முட்டிக்குத்தான். முன்பு சொன்ன கணக்கின்படி ஓர் அங்குலம் கூடினால் முட்டி சுமார் நாலு டிகிரி விரியும். ஆறடிக்காரர் டெஸ்ட் ரைடு கேட்கும்போதே உயர்த்தி வைத்துத் தரச் சொல்லவேண்டும். எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோவுக்கு 891 மி.மீ. என்பதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அது காட்டுப்பாதைக்குச் செய்த வண்டி. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்ட அந்த சீட்டும் 200 சிசி இன்ஜினும் தோதானவை அல்ல என்பது என் அபிப்பிராயம்.

பிராண்ட் எதுவானாலும், தட்டையான ஒரே நீளச் சீட் உள்ள வண்டிக்கு என் ஓட்டு. அரை மணிக்கு ஒருமுறை இரண்டு அங்குலம் முன்னே பின்னே நகர முடிந்தாலே போதும், பாதி வலி வராது.

ஷோரூமில் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன். பயணத்தில் போடும் அதே ஷூ, அதே ஹெல்மெட்டோடு போங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாராவது நிமிர்த்திப் பிடிக்கட்டும். கண்ணை மூடி இயல்பாக உட்கார்ந்து கையை நீட்டுங்கள். கை விழும் இடத்தில் கைப்பிடி இருக்கிறதா, அல்லது குனிந்து தேட வேண்டியிருக்கிறதா? முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். அடுத்து ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். முட்டியில் இடித்தால் அந்த வண்டியை மறந்துவிடுங்கள், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எழுபது தடவை இடிக்கும். முட்டி, டாங்க்கின் பள்ளத்துக்குள் அடங்குகிறதா, அல்லது அதைத் தாண்டி விளிம்பில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். பதினோராம் நம்பர் ஷூக்காரர்கள் கியர் லீவருக்கு அடியில் பூட் நுழைகிறதா என்று பார்க்கவேண்டும். இது எளிதில் சரிசெய்யக்கூடியது, மெக்கானிக் லீவரை ஒரு பல் ஏற்றிவைத்தால் போதும்.

இப்படியே பத்து நிமிடம் உட்காருங்கள். சேல்ஸ் பையன் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். இரண்டரை லட்சம் கொடுப்பது நீங்கள். மனைவி எப்போதும் கூட வருவார் என்றால் அவரையும் பின்னால் ஏற்றிப் பாருங்கள். தனியாக உட்காரும்போது கிடைத்த இடம், பில்லியன் ஏறியதும் நாலு அங்குலம் சுருங்குவதுண்டு. தெரு முனைவரை தரும் டெஸ்ட் ரைடில் ஒன்றும் தெரியாது. அதே மாடலை வாடகைக்குத் தரும் இடம் பெங்களூரிலோ புதுச்சேரியிலோ கிடைத்தால், ஒரு நாள் வாடகை வீண்செலவு ஆகாது.

காற்றைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. விண்ட்ஷீல்டு என்றால் காற்றைத் தடுக்கும் என்று நினைக்கிறோம். சராசரி உயரக்காரருக்குத் தடுக்கும். உயரமானவருக்கு ஷீல்டின் விளிம்பில் உடையும் சுழல்காற்று சரியாக ஹெல்மெட்டில் வந்து அறையும். கழுத்து தசைகள் தலையை நிலைநிறுத்த ஓயாமல் இழுத்துப் பிடிக்கும். மாலையில் பிடரி கல்லாகிவிடும். நேரான காலிச் சாலையில் எண்பதில் போகும்போது தலையை ஒரு கையளவு தாழ்த்திப் பாருங்கள். இரைச்சலும் ஆட்டமும் சட்டென்று அடங்கினால் ஷீல்டு உங்களுக்குக் குட்டை. உயரமான ஷீல்டோ மேலே மாட்டும் சிறு தகடோ உதவும். அதுவும் சரிவராவிட்டால் ஷீல்டையே குட்டையாக்கிவிடலாம். சுழலற்ற நேர்காற்று நெஞ்சில் படுவது, தலையில் சுழல் அறைவதைவிட எவ்வளவோ மேல். பாலக்காட்டுக் கணவாயிலும், நாகர்கோவில் போகும் வழியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கமும் தென்மேற்குப் பருவத்தில் பக்கவாட்டுக் காற்று எப்படித் தள்ளும் என்பது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். உயரமான உடம்பு கூடுதல் காற்றை வாங்கும். அங்கே வேகத்தைக் குறைப்பது தவிர வேறு வழி கிடையாது.

வண்டியை வாங்கி ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்பவர்கள் முதலில் சீட் கடைக்குப் போங்கள். மெத்தென்று அமுங்கும் ஸ்பாஞ்ச் வேண்டாம். கடையில் சுகமாக இருக்கும், நூறு கிலோமீட்டரில் அடித்தகடு குத்தும். அமுங்கினால் முட்டி மறுபடி மடியவும் செய்யும். கெட்டியான ஃபோமில் ஓர் அங்குலம் ஏற்றி, மேல்பரப்பைத் தட்டையாக்கச் சொல்லுங்கள். பெங்களூர்க்காரருக்கும் முதலில் இதைத்தான் செய்தோம், கூடவே தொடைத் தசைக்குப் பயிற்சிகள். அடுத்தது பின் ஷாக் அப்சார்பர். தொண்ணூறு கிலோ ஆள், ஆலையில் வைத்த அமைப்பிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார். பெரும்பாலான வண்டிகளில் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, ஏற்ற முடியும், சர்வீஸில் கேட்டால் இரண்டு நிமிட வேலை. எழுந்து நின்று ஓட்டுபவர்களுக்கு, ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் 20 – 30 மி.மீ. போதும். போட்டபின் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். திருப்பும்போது இன்ஜின் தானாக இரைந்தால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது, அப்படியே சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். பிரேக் ஹோஸையும் அதேபோல் பாருங்கள். ஃபுட்ரெஸ்டைக் கீழே இறக்கும் தகடுகள் விற்கிறார்கள். முட்டிக்கு நல்லது, வளைவில் சாயும்போது தரையில் உரசும் அபாயம் உண்டு. வண்டியின் அமைப்பையே மாற்றும் வேலைகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை. அதனால் கம்பெனியே தரும் துணைப்பாகங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதுகில் பை மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள், சாமான் வண்டியில் இருக்கட்டும். 17 லிட்டர் டாங்க் நிரப்பினால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் என்பது இன்ஜினுக்கான கணக்கு. உங்கள் முட்டிக்கு ஒரு மணி, ஒன்றேகால் மணிக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்கவேண்டும்.

விரல் மரப்பில் எந்த விரல் என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால் உள்ளங்கையின் வெளிப்பக்கம் அழுந்துகிறது அல்லது முழங்கையில் நரம்பு இழுபடுகிறது; கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டு மடிந்த நிலையிலேயே இருக்கிறது. கிளட்ச், பிரேக் லீவர்களை முன்கைக்கு நேர்கோட்டில் வரும்படி சாய்த்து வைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும். இறங்கிச் சிறிது நேரத்தில் மரப்பு போய்விட்டால் பயமில்லை. மறுநாளும் இருந்தால் காட்டுங்கள். வலி ஒரு காலில் மின்சாரம் போல இறங்கினாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தடுக்கினாலோ தள்ளிப்போடாதீர்கள். சீட்டில் படும் இடம் மரத்து, கூடவே சிறுநீர் கழிப்பதில் சிரமமும் வந்தால் என்னிடம் வரவே வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வண்டியை நீங்கள் ஓட்டாமல்.