எதுவும் சாப்பிடாமலே பி12 ஏறுவது எப்படி?

பி12 மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ ஊசி போட்டுக்கொண்டவருக்கோ, ரத்தப் பரிசோதனையில் அந்த அளவு ஏறியிருந்தால் வியப்பில்லை. உபரி சிறுநீரில் போய்விடும். எதுவுமே எடுக்காதவருக்கு, மேல் எல்லையான மில்லிலிட்டருக்குச் சுமார் 900 பிகோகிராமைத் தாண்டி மறுபரிசோதனையிலும் அப்படியே நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

பி12 ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. இரண்டு புரதங்களில் ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். செல்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிரான்ஸ்கோபாலமின். ஆனால் அதனிடம் இருப்பது ஏறக்குறைய கால் பங்குதான். மீதி ஹாப்டோகோரினிடம். அதைக் கல்லீரல் தவிர மற்ற செல்கள் பெரும்பாலும் வாங்கிக்கொள்வதில்லை. வழக்கமான பரிசோதனையோ இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது.

ஹாப்டோகோரினைச் சுரப்பவற்றில் வெள்ளையணுக்கள் முக்கியமானவை. சிலவகை ரத்தப் புற்றுநோய்களில் அவை பெருகும்போது ஹாப்டோகோரினும் கூடி, பி12 கணக்கை ஏற்றிவிடும். கல்லீரல்தான் பி12-இன் சேமிப்புக் கிடங்கு என்பதால், அது சேதமானால் இருப்பு ரத்தத்தில் கசியும். சிறுநீரகக் கோளாறிலும் அளவு ஏறுவதுண்டு. டாக்டர் ரத்த அணு எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் எழுதித் தருவது இதனால்தான். உடனே புற்றுநோய் என்று பதற வேண்டாம். பலருக்கு அப்படி எதுவும் இருக்காது.

வைட்டமின் டி கதை வேறு. அங்கே அதிகம் என்றால் பெரும்பாலும் அதிகம்தான். வாரம் ஒன்று என்று எழுதிய மாத்திரையைத் தினமும் விழுங்கினால் போதும், அளவு ஏறிவிடும். மில்லிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டினால் ரத்தத்தில் கால்சியம் எகிறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் என்று படுத்தலாம். கொழுப்பில் தங்குவதால், நிறுத்தினாலும் இறங்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும்.

சரி, அளவே பொய்யாக இருந்தால்? முடி வளர என்று விழுங்கும் பயோட்டின் என்ற வைட்டமின் அந்த வேலையைச் செய்யும். ஒரு நாள் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். மாத்திரையில் இருப்பதோ பல சமயம் 5,000, 10,000. சில பரிசோதனைகளில், பயோட்டின் கோத்த வேதிப்பொருளை ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தில் ஒட்டவைத்து, அங்கிருந்து வரும் ஒளியைத்தான் அளக்கிறார்கள். ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் முந்திப்போய் அந்தப் புரதத்தின் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டால், கருவிக்கு வர வேண்டிய ஒளி குறையும். பி12, டி பரிசோதனைகளில் ஒளி குறைந்தால் வைட்டமின் அதிகம் என்று கணக்கு. கருவி அப்படியே அச்சடித்துத் தரும். தைராய்டு முடிவையும் இதே பயோட்டின் திரித்துவிடும். ரத்தம் கொடுப்பதற்கு 2 நாட்களுக்கு முன்பாவது அதை நிறுத்தச் சொல்வது வழக்கம். டாக்டர் எழுதித் தந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் அவரைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம்.