ஊசி எடுக்காததைக் கணினி தராது: பழைய இசைத்தட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்வது

எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான வரிகள் தெரிந்தாலும், அங்கே இருப்பது ஒரே ஒரு பள்ளம்தான். விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டுகொண்டே போகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் 22 நிமிடம் பாடும் பக்கத்தில் அது 700 சுற்றுக்கு மேல் வரும். அவிழ்த்து நீட்டினால் ஏறத்தாழ 470 மீட்டர். பாட்டு முழுவதும் அந்தப் பள்ளத்தின் சுவர்களில் நெளிவுகளாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஊசி அந்த நெளிவுகளில் உரசிப் போகும்போது அசைகிறது. அதன் மறுமுனையில் இருக்கும் சின்னஞ்சிறு காந்தம் கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் ஆட, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. கார்ட்ரிட்ஜ் என்னும் அந்தச் சிறு பெட்டிக்குள் நடப்பது இதுதான்.

ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் ஒரு சுவர் இடது ஒலி, மறு சுவர் வலது ஒலி. இரண்டும் 45 பாகை சாய்ந்தவை. இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931இலேயே இந்த முறைக்குக் காப்புரிமை கோரினார். கடைகளுக்கு ஸ்டீரியோ தட்டு வர 1950களின் பிற்பகுதி ஆகிவிட்டது.

வீட்டில் தட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மென்பொருள் நல்லது என்றுதான். ஆனால் வேலையின் பெரும்பகுதி கணினிக்கு வெளியே, தட்டுக்கும் ஊசிக்கும் நடுவில் இருக்கிறது. கரகரப்பை எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து குறைக்கலாம். ஊசி எடுக்கத் தவறிய ஒரு கமகத்தை எந்த மென்பொருளாலும் பிறகு சேர்க்க முடியாது. நம் நாடக மேடைப் பாடல்களிலும், நாதஸ்வரத் தட்டுகளிலும், திரைப்படக் கதை வசனத் தட்டுகளிலும் எத்தனையோ மறுபதிப்பே காணாதவை. ஒருமுறை எடுக்கும் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

முதல் வேலை கழுவுவது. பள்ளத்தில் தங்கிய தூசியும், ஈரக்காற்றுள்ள ஊர்களில் உறைக்குள் வளரும் பூஞ்சையும்தான் பாதி இரைச்சலுக்குக் காரணம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். காய்ந்தபின் அதன் உப்பு பள்ளத்திலேயே படிந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, மென்மையான பிரஷ்ஷால் பள்ளம் ஓடும் திசையிலேயே சுற்றித் துடைத்து, மறுபடி வெறும் வடிநீரால் அலசி, நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்தினால் போதும். நடுவில் ஒட்டிய லேபிள் நனையக் கூடாது. வெயில் கூடவே கூடாது, எல்.பி. தட்டு பி.வி.சி. பிளாஸ்டிக், சூட்டில் வளைந்துவிடும்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அவை அரக்கும் கல்பொடியும் கலந்து அழுத்தியவை. தச்சர்கள் மரத்துக்குப் பாலிஷ் போடும்போது அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? ஆல்கஹால் கலந்த எந்தத் திரவம் பட்டாலும் 78 தட்டின் மேற்பரப்பும் அப்படியே கரையும். இணையத்தில் எல்.பி.க்குச் சொல்லப்படும் பல சுத்திகரிப்புக் கலவைகளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்கிறது. பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது ஊசி. எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 தட்டுக்கான ஊசிக்கு அது சுமார் 75 மைக்ரான். எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால் அது அகன்ற பள்ளத்தின் அடிக்கே இறங்கி, அழுக்கின் மேல் ஊர்ந்துபோகும். பாட்டு இருப்பது சுவர்களில் அல்லவா? ஊசி சுவரைத் தொடாமல் அடியில் உருண்டால் கேட்பது வெறும் இரைச்சல். எச்எம்வி ஃபியஸ்டா போன்ற பழைய பிளேயர்களில் இருக்கும் ஊசி பெரும்பாலும் எப்போதோ தேய்ந்துபோனதாக இருக்கும். தேய்ந்த ஊசி மோசமாக ஒலிப்பதோடு நிற்காது, பள்ளத்தையும் செதுக்கி எடுத்துவிடும். பதிவு தொடங்குமுன் புது ஊசி போடுவது இந்த வேலையிலேயே மிக நல்ல செலவு.

காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். கணினியில் ஒலி உள்ளே போகும் லைன்-இன் ஜாக் எதிர்பார்ப்பது 300 மில்லிவோல்ட் அளவில். இதைப் பெருக்கித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் என்னும் கருவி நடுவில் தேவைப்படுவது அதற்காக மட்டும் என்று நினைத்தால் மைக் ஜாக்கில் செருகும் எண்ணம் வரும். அங்கே செருகினால் பாட்டு தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல, அடி ஒலியே இல்லாமல் வரும். காரணம் தட்டை வெட்டும்போதே செய்த ஓர் ஏற்பாடு. தாழ்ந்த சுருதி ஒலிகள் பள்ளத்தை அகலமாக ஆட்டும். அப்படியே வெட்டினால் பக்கத்துச் சுற்றில் இடித்துவிடும், 22 நிமிடமும் ஒரு பக்கத்தில் அடங்காது. எனவே அடி ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். கேட்கும்போது ப்ரீஆம்ப் இதை நேர்மாறாகத் திருப்புகிறது. உச்ச ஒலியைக் குறைக்கும்போது தட்டின் உரசல் இரைச்சலும் கூடவே குறைவது இந்த ஏற்பாட்டின் அழகு. எந்த ஒலியை எவ்வளவு குறைப்பது, கூட்டுவது என்று 1954 வாக்கில் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவுதான் இதற்குப் பொது அளவுகோல்; 20 ஹெர்ட்ஸில் திருத்தம் ஏறத்தாழ 20 டெசிபெல். அதற்கு முந்தைய தட்டுகளில் கம்பெனிக்கு ஒரு வளைவு இருந்தது. அவற்றைக் காதால் கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

பழைய பிளேயர்களில் இருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ் வேறு ஜாதி. அதில் காந்தம் கிடையாது, வளைந்தால் மின்சாரம் தரும் பொருள் இருக்கிறது. வெளிவருவது நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல். அதன் இயல்பாலேயே ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் பெருமளவு நடந்துவிடுகிறது. அதை ஃபோனோ ப்ரீஆம்பில் கொடுத்தால் ஒரே திருத்தம் இரண்டு முறை நடந்து, ஒலி மந்தமாகும்.

‘ம்ம்ம்’ என்ற உறுமல் கேட்டால் அது நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். பிளேயரின் எர்த் கம்பியை ப்ரீஆம்பில் முடுக்கிப் பாருங்கள். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினாலே பல வீடுகளில் நின்றுவிடும்.

இனி எண்ணாக்கம். ப்ரீஆம்புக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் கருவி மின்னழுத்தத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதுகிறது. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைவிட இரு மடங்குக்கு மேல் அளந்தால் அலையைப் பிசகாமல் மீட்கலாம் என்பது கணிதம். அது ஏன் சரியாக 44,100? தொடக்க காலத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். நொடிக்கு 60 புலங்கள் (புலம் என்பது ஒரு வீடியோ படத்தின் பாதி), புலத்துக்கு 245 பயன்படு வரிகள், வரிக்கு 3 அளவுகள்: பெருக்கிப் பாருங்கள்.

சிடியின் ஒவ்வோர் அளவும் 16 பிட், அதாவது 65,536 படிகள். சுமார் 96 டெசிபெல் இடைவெளி. எல்.பி. தட்டு தருவது பொதுவாக 70 டெசிபெல்லைத் தாண்டாது. ஆக 16 பிட்டே போதும். இருந்தும் பதியும்போது 24 பிட் வையுங்கள். பாட்டின் உச்சத்தை மைனஸ் 6 முதல் மைனஸ் 10 டெசிபெல்லுக்குள் அடக்கி, மேலே தாராளமாக இடம் விட அது உதவும். டிஜிட்டலில் பூஜ்யம் டெசிபெல்தான் உச்ச எல்லை; அதைத் தாண்டிய அலையின் தலை வெட்டப்படும், வெட்டியது போனதுதான்.

பதிந்த கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, மற்றொன்றில் கை வையுங்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டியே வீட்டு வேலைக்குத் தாராளம். தட்டு மோனோவாக இருந்தால் முதலில் இரு சேனல்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். 1970களின் நடுப்பகுதி வரை வந்த நம் திரைப்பாடல் தட்டுகள் பெரும்பாலும் மோனோதான். இரு சுவரிலும் பாட்டு ஒன்றே என்பதால் அது வலுப்படும், இரைச்சல் வெவ்வேறு என்பதால் பின்தங்கும். ஒரு சுவர் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் மற்ற சேனலை மட்டும் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

குறுக்குக் கீறல் ஒன்று எல்.பி.யில் 1.8 நொடிக்கொரு முறை ‘டிக்’ என்று வரும்; ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அது. திடீரென்று எகிறி உடனே அடங்கும் அளவுகளை மென்பொருள் கண்டுபிடித்து, இருபக்கமும் உள்ள அலையைப் பார்த்து நடுவை நிரப்புகிறது. உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போனால் மிருதங்கத்தின் சாப்பும் கடத்தின் கூர்மையான தட்டும் கீறல் என்று கருதப்பட்டு மழுங்கும். தனி ஆவர்த்தனத்தில் கீறல்களைக் கையால் ஒவ்வொன்றாக நீக்குவதே சரி.

தொடர் இரைச்சலைக் குறைக்கும் வசதியில், பாட்டு தொடங்குமுன் உள்ள வெறும் பள்ளத்தை மாதிரியாகக் காட்டுகிறோம். அதன் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் உள்ள அளவை நினைவில் வைத்து, பாட்டில் அந்த அளவுக்குக் கீழே இருப்பதை எல்லாம் மென்பொருள் அமுக்குகிறது. தம்பூராவின் மெல்லிய ரீங்காரமும் அந்த அளவுக்குக் கீழேதான் இருக்கும். 6 டெசிபெல்லுக்கு மேல் போக எனக்கு மனம் வருவதில்லை. முழுக்கத் துடைத்த பதிவில் பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோலிருக்கும்.

அந்தத் தம்பூரா இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். தட்டின் நடுத்துளை ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால், உட்சுற்றுகளில் சுருதி ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்கும். ஷட்ஜம் ஊஞ்சலாடினால் தட்டை நடுவில் நகர்த்தி வைத்து மறுபடி பதிய வேண்டும்.

சிடியாக எழுதும்போது கோப்பை 16 பிட்டுக்கு மாற்றுங்கள். பக்கத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டாத எல்.பி.க்கள் என்றால் 80 நிமிட சிடியில் இரண்டு கொஞ்சம் நெருங்கினாற்போல் அடங்கும். சிடியில் நொடிக்கு 75 சட்டங்கள், சட்டத்துக்கு 588 அளவுகள். பாடல்களை வெட்டும் இடம் இந்தச் சட்ட எல்லையில் விழாவிட்டால், ராக ஆலாபனை கீர்த்தனைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ‘டப்’ கேட்கலாம். எழுதும் மென்பொருளில், முழு சிடியையும் ஒரே மூச்சில் எழுதும் ‘டிஸ்க்-அட்-ஒன்ஸ்’ முறையைத் தேர்ந்தெடுத்து, பாடல்களுக்கு இடையே உள்ள 2 நொடி இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். வீட்டில் எழுதும் சிடியில் லேசர் மாற்றுவது ஒரு சாயப் படலத்தை. வெயிலிலும் சூட்டிலும் அது வெளிறும். ஆகவே சிடி கேட்பதற்கு. பாதுகாப்புக்கு 24 பிட் மூலக் கோப்பைத் தரம் குறையாத ஃபிளாக் வடிவில் சுருக்கி, இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் வையுங்கள்.

கோப்பின் பெயரில் பாட்டோடு லேபிளில் உள்ள தட்டு எண்ணையும், லேபிளை ஒட்டிய மழமழப்பான பகுதியில் பொறித்திருக்கும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே பாட்டை ஒரே பாடகர் இரண்டு முறை பதிந்திருந்தால், எது எந்தப் பதிவு என்று பிரித்துச் சொல்வது அந்தப் பொறித்த எண்தான்.